நெல்லிக்கொல்லைப் பெண்கள் நடத்திய இரண்டாம் உலகப் போர்

கோவிந்தன் எங்கள் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை வெட்டுகிறவன். நான் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். நான் மலேசியாவிலேயே பிறந்தவன். அவன் ஜவ்வாது மலைக்காரன், ஆறு வருடமாக எங்களோடு இருக்கிறான். நான் திருவண்ணாமலைக்கு ஒரு வேண்டுதலுக்காகப் போகிறேன் என்று கேள்விப்பட்டு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். தூக்கிக்கொண்டு என்றால் நொண்டிக்கொண்டு. காலில் குலை விழுந்து மாவுக்கட்டு போட்டிருந்தது.

பையில் ஒரு பிஸ்கட் டின், இரண்டு தைலம், ஒரு சேலை, ஒரு டஜன் பேனா இருந்தன.

“அண்ணே, இத குடுத்துட்டு உடனே கெளம்பிடாதீங்க. வெள்ளிக்கிழம அவளுக்குப் பரீட்ச. நான் போவலாம்னு இருந்தேன். காலு இப்டி ஆயிடுச்சு. அன்னிக்கி அவ நேரத்துக்கு மலையவுட்டு எறங்கணும். அத மட்டும் பாத்துடுங்க.”

அவள் என்றது அவன் மனைவி செல்வியை. வயது முப்பத்தெட்டு. பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதுகிறாள். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டாள். சமூக அறிவியல் ஒன்று மட்டும் நிற்கிறது. போன தடவை அதில் போய்விட்டது. அவர்கள் பக்கத்து ரேஷன் கடைக்கு ஓர் ஆள் எடுக்கப் போகிறார்களாம். பத்தாவது தேறியிருந்தால்தான் மனுவே போடலாம். அவளுக்கு அந்த வேலை கிடைத்தால் கோவிந்தன் ஊரோடு போய்விடுவான். கிடைக்காவிட்டால் இன்னும் மூன்று வருடத்துக்குத் தோட்டத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவான். இதை அவன் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரை படித்தவன். பரீட்சை விஷயத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆளை இறக்கிவிடுவது தெரியும். சரி என்றேன்.

வேண்டுதலை முடித்துவிட்டு, மலையடிவாரத்து ஒடுகத்தூரில் செவ்வாய்க்கிழமை காலை இறங்கினேன். பசியாற ஒரு கடையில் உட்கார்ந்தேன். கோப்பி கேட்டேன். டம்ளரும் வட்டாவும் வந்தது. எங்கள் ஊர்க் கோப்பி கறுப்பாக, தடிப்பாக இருக்கும். இது வெளுத்து நுரைத்து இருந்தது. ஆனால் நல்ல சூடு. தோசைக்கு மூன்று வகைச் சட்னி வைத்தார்கள். கேட்காமலே நான்காவது தோசை வந்தது. வேண்டாம் என்றேன். “வெளியூருங்க நீங்க. மேல போற வழியில ஒண்ணும் கெடைக்காது. சாப்புடுங்க” என்றார் கடைக்காரர். சாப்பிட்டேன். நான் மலைக்குப் போகிறவன் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை.

மலைக்குப் பஸ் உண்டு என்றார்கள். எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. ஜீப் ஒன்று நின்றது. ஓட்டுகிறவர் ஜோசப், ஒடுகத்தூர்க்காரர். உள்ளே மாதா படம். வெளியே பம்பரில் எலுமிச்சம்பழம். இரண்டு பக்கமும் பாதுகாப்பு.

“எப்ப கெளம்பும்?”

“ஆளு ரொம்பினா கெளம்பும்ணா.”

“எத்தன ஆளு?”

“அது வண்டிக்குத்தான் தெரியும்.”

எட்டு பேர் உட்காரும் வண்டியில் பதினேழு பேர் ஏறிய பிறகு வண்டிக்குத் தெரிந்தது. எங்கள் ஊரில் இப்படி ஏற்றினால் லைசென்ஸ் போய்விடும். என் மடியில் யாருடைய கோழியோ இருந்தது. யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. நெல்லிக்கொல்லை என்று சொன்னதும் ஜோசப் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“செல்வியக்கா வூட்டுக்கா? அந்த ஹிட்லரு வூட்டுக்கா?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை. கோவிந்தன் மனைவி கோபக்காரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“இல்லண்ணா, தங்கமான அக்கா” என்றார் ஜோசப். “மேல ஒரு வருஷமா சண்ட நடக்குது. போய்ப் பாருங்க.”

பாதை மோசம். நான் முப்பது வருடம் தோட்டத்து மண்சாலையில் லோரி ஓட்டியவன். எனக்கே அப்படிப் பட்டது. ஆனால் ஜோசப் நன்றாக ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஒரு தடவை பின்னால் போய், யோசித்து, திரும்பியது. இதை எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். நல்ல ஓட்டுநரைப் பார்த்தால் சொல்லிவிடவேண்டும்.

நெல்லிக்கொல்லையில் முப்பது வீடு இருக்கலாம். சுற்றி சாமை அறுத்த கொல்லைகள். புளியமரங்கள். புளி உலுக்கி முடிக்கிற மாதம் அது. செல்வி வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்து நான்கு பெண்கள் புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஓட்டை உடைக்கிறாள். ஒருத்தி நாரை உருவுகிறாள். இரண்டு பேர் கொட்டை எடுக்கிறார்கள். நான் பையோடு போய் நின்றேன். யாரும் நிமிரவில்லை.

“அவன் போலந்துக்குள்ள பூந்துட்டான். இன்னும் இன்னாத்துக்குப் பேச்சு? அடிக்கவேணாம்?” என்று உயரமான ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள்.

“அதான் அடிச்சாங்களே, ரெண்டு நாளு கழிச்சு” என்றாள் ஒல்லியான ஒருத்தி. “நீ போயிருந்தா மொத நாளே அடிச்சிருப்ப.”

“அடிச்சிருப்பேன்டி.”

ஒல்லியானவள் என்னைப் பார்த்துவிட்டு எழுந்தாள். அவள்தான் செல்வி.

“வாங்கண்ணா. அவரு சொன்னாரு. அவரு காலு எப்டிக் கீது?”

தேறிவருகிறது என்றேன். தலையை ஆட்டினாள். தண்ணீர் கொடுத்தாள். பையைத் திறக்காமல் உள்ளே வைத்துவிட்டு வந்து மறுபடி புளிக்கு முன்னால் உட்கார்ந்தாள். பிள்ளைகள் இரண்டு பேரும் கீழே ஹாஸ்டலில் இருந்து படிக்கிறார்கள். வீட்டில் அவள் மட்டும்தான்.

அவர்கள் வேலை செய்கிற முறையைச் சொல்லவேண்டும். நான்கு பேரும் மாற்றாள். இன்று உன் வீட்டுப் புளி, நாளை என் வீட்டுப் புளி. கூலி கிடையாது. ஆளுக்கு ஆள் வேலையைத் திருப்பிச் செய்துவிடவேண்டும். செல்வி பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்ததும் முறை தவறிப்போனது. வேலைக்குப் போனால் படிக்கமுடியாது. படித்தால் மற்றவர்களுக்குப் பதில் வேலை செய்யமுடியாது. அப்போது அவர்களில் மூத்தவளான காளியம்மா ஒரு வழி சொன்னாளாம். “நீ பொஸ்தகத்த கொணாந்து எங்களுக்குச் சத்தமா படி. அதான் உன் வேல.”

அதனால் செல்விக்கு ஓர் உலகப் போரும் நெல்லிக்கொல்லை முழுவதற்கும் ஒரு கதையும் கிடைத்தது. மற்ற மூவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. உயரமானவள் அலமேலு. மூன்றாவது ஆள் ருக்கு, செல்வியைவிட நாலைந்து வயது சின்னவள், வாய் ஓயாதவள். ஆனால் போரில் எந்தத் தலைவன் எந்தப் பக்கம், எந்தச் சண்டை எங்கே நடந்தது என்று கேட்டால் மூவரும் சொல்வார்கள். அச்சு நாடு, நேச நாடு, மின்னல் தாக்குதல், சரணாகதி எல்லாம் அவர்கள் வாயில் சாமை, கேழ்வரகு மாதிரி புழங்கியது.

அன்று மதியம் சாமைச்சோறும் கொள்ளுக் கடைசலும் போட்டார்கள். சாமைச்சோறு முதல் வாய் எனக்கு மணல் மாதிரி இருந்தது. மூன்றாவது வாயில் பிடித்துவிட்டது. கடைசலில் பூண்டு நிறைய. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிடும்போதும் போர் நிற்கவில்லை.

அலமேலுவுக்கு சேம்பர்லின் ஆகாது. இங்கிலாந்துப் பிரதமராக இருந்து, மியூனிக் போய் ஹிட்லர் கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தவர். “ஆடு கேட்டவனுக்கு ஆட்டக் குடுத்தா நாளைக்கு மாட்டக் கேப்பான். இது தெரியாத ஆளு ராஜ்ஜியம் ஆள வந்துட்டாரு.” ருக்குவுக்கு முசோலினி என்றால் சிரிப்பு. “எங்க சின்ன மாமனாரு அவரு. பஞ்சாயத்துல எந்தப் பக்கம் ஜெயிக்குதோ அங்க போய் நிப்பாரு. கடைசில ரெண்டு பக்கமும் ஒதைக்கும்.” காளியம்மாவுக்கு ஸ்டாலின்கிராட்தான்.

“ஊரு இடிஞ்சி போச்சு. ஒருத்தனும் ஊரவுட்டுப் போவல. பனி எறங்கிச்சு. வந்தவன் மாட்டிக்கினான். மலையப் பத்தித் தெரியாம மலைக்கு வந்தா இப்டிதான்.”

“அங்க மலை இல்லக்கா. ஆறு. வோல்கா” என்றாள் செல்வி.

“எதுவா இருந்தா இன்னாடி. ஊர்க்காரனுக்கு ஊரு தெரியும்.”

பேச்சில் வந்த கடன் குத்தகை என்றால் என்ன என்று நான் கேட்டேன். நிஜமாகவே தெரியாமல்தான். அலமேலு சொன்னாள். “சர்ச்சில் கையில ஒண்ணும் இல்ல. ரூஸ்வெல்ட் கையில எல்லாம் கீது. துப்பாக்கி, கப்பலு, பீரங்கி. எடுத்துக்கினு போ, சண்ட முடிஞ்சி பாத்துக்கலாம்னாரு. மாற்றாளு மாதிரிதாண்ணா.”

அறுபது வருடத்தில் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாக ஒரு விஷயத்தைச் சொன்னதில்லை.

இத்தனை தெரிந்தும் செல்வி எப்படித் தோற்றாள் என்று எனக்குப் புரியவில்லை. இரவு காளியம்மா வீட்டுத் திண்ணையில் படுத்தேன். புதன்கிழமை காலை அங்கே களி தின்னும்போது செல்வியிடம் கேட்டேன். அவள் சொன்னாள்.

“ரெண்டு மார்க்கு கேள்விண்ணா. கடன் குத்தகை பத்திதான். நான் வெர்செயில்ஸ்லேர்ந்து ஆரம்பிச்சேன்.”

“அது என்னா?”

“மொத சண்ட முடிஞ்சி ஜெர்மனிக்கிட்ட எழுதி வாங்கின ஒப்பந்தம். அதுலேர்ந்துதான ஹிட்லரு வர்றான். அவன் வந்தாத்தான சண்ட. சண்ட வந்தாத்தான கடன். நாலு பக்கம் ஆயிடுச்சு. அடுத்த கேள்வி முத்துத் துறைமுகம். திரும்பியும் வெர்செயில்ஸ்லேர்ந்து எழுதினேன். மணி அடிச்சிட்டாங்க. பாதி பேப்பரு வெள்ளையா குடுத்துட்டு வந்தேன்.”

“நடுவுல இருந்து எழுதக்கூடாதா?”

நான் கேட்டது தப்பு. களியைப் பிசைந்துகொண்டிருந்த காளியம்மா நிமிர்ந்தாள். “கதைய தலையில புடிக்கணும். இடுப்புல புடிச்சா பாம்பு மாதிரி திரும்பிக் கடிக்கும்.”

அது அங்கே சட்டம். கூத்து ஆடினாலும், சாவு வீட்டில் செத்தவர் கதை சொன்னாலும், யார் ஆட்டை யார் திருடினார் என்று பஞ்சாயத்தில் சொன்னாலும் முதலில் இருந்துதான் சொல்லவேண்டும். நடுவில் ஆரம்பிக்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். செல்வி அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவள். போரைப் படித்ததும் அப்படித்தான். அந்தப் பெண்கள் அவளை ஒரு வரி தாண்டவிடமாட்டார்கள். நேற்று விட்ட இடம் தெரியாவிட்டால் மறுபடி முதலில் இருந்து.

“எனக்கே தெரியுதுண்ணா” என்றாள். “கேட்டதுக்கு மட்டும் எழுதணும்னு. கை போவமாட்டேங்குது. பின்னாடியே இழுக்குது. மத்த பாடம் அப்டி இல்ல. ஆறு, மண்ணு, சட்டசபை எல்லாம் தனித்தனியா கெடக்குது. இது ஒண்ணுதான் கோத்துக்கினு கீது.”

இன்னும் இரண்டு நாள் இருந்தது. நான் ஜோசப்பிடம் வெள்ளிக்கிழமை விடிவதற்குள் வரச் சொல்லி போன் செய்தேன். அதற்கு ஒரு பாறைமேல் ஏறவேண்டும். அங்கேதான் சிக்னல். என் வேலை அதோடு முடிந்தது. ஆளை இறக்கிவிட்டாலும் அவள் வெர்செயில்ஸில் இருந்துதான் எழுதுவாள் என்று தெரிந்தது. கோவிந்தனுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு அந்தப் பாறைமேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை வேலை அலமேலு வீட்டில். நானும் ஒரு மூலையில் உட்கார்ந்து ஓடு உடைத்தேன். சும்மா உட்கார முடியவில்லை. எனக்கு உடைக்கத் தெரியவில்லை என்று ருக்கு சிரித்தாள். “ஜப்பான்காரன் குண்டு போட்டா மாதிரி உடைக்கிறீங்கண்ணா. புளியும் சேந்து போவுது.”

அப்போது செல்வி தலை நிமிராமல் கேட்டாள். “உங்க ஊருக்கும் ஜப்பான்காரன் வந்தானே. பொஸ்தகத்துல மலேயான்னு ஒரே ஒரு வரிதான் கீது.”

வந்தான் என்றேன். நான் லோரி ஓட்டுகிற சாலையில் சிலிம் ரிவர் என்று ஓர் ஊர். அங்கே பெரிய சண்டை நடந்தது என்பார்கள். ஜப்பான்காரன் டாங்கியோடு இருட்டில் வந்து வெள்ளைக்காரனை உடைத்துக்கொண்டு போனானாம். எனக்கு அந்த ஊரில் தெரிந்தது ஒரு கோப்பிக்கடை.

“உங்க வூட்டுல யாருக்கும் ஒண்ணும் ஆவலியா?” என்றாள் அலமேலு.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. இதை என் பிள்ளைகளுக்கே முழுதாகச் சொன்னதில்லை. ஆனால் கேட்டவர்கள் ஒரு வருடமாகப் போருக்குள்ளேயே இருப்பவர்கள். சொல்லலாம் என்று தோன்றியது.

“அப்பாவ லோரியில ஏத்தினாங்க” என்றேன்.

“மொதல்லேர்ந்து சொல்லுங்கண்ணா” என்றாள் காளியம்மா.

“அதுதாம்மா மொதல்.”

“யாரு ஏத்தினா, எதுக்கு ஏத்தினா, அதுக்கு முன்ன இன்னா நடந்துது?”

“எங்கப்பாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தோட்டத்துல படம் காட்டுறோம், வாங்கன்னாங்க. இளவட்டம் எல்லாம் போனாங்க. படம் ஓடல. லோரி நின்னுச்சு. அப்பாவுக்குப் பதினேழு வயசு. ஹிட்லர் யாருன்னு அவருக்குத் தெரியாது. ஜப்பான ஆண்ட டோஜோ யாருன்னு தெரியாது. சயாம்ல ரயில் பாதை போடணும்னாங்க. மூங்கில் காடு. மழை. காலரா. பக்கத்துல படுத்தவன் காலையில எந்திரிக்கமாட்டான். அவன் போர்வைய எடுத்துப் போத்திக்கிட்டு வேலைக்குப் போகணும். எதுக்கு அந்த ரயிலுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. ஒருநாள் வேல நிறுத்துன்னாங்க. சண்ட முடிஞ்சுபோச்சுன்னாங்க. யார் ஜெயிச்சான்னு அப்பா கேக்கல. வந்துட்டார். சாகுற வரைக்கும் ரயில் ஏறல.”

அவ்வளவுதான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அலமேலு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ருக்குதான் முதலில் பேசினாள்.

“தலையும் இல்ல, வாலும் இல்ல. ஆனா புரிஞ்சிதே.”

காளியம்மா கையில் இருந்த புளியை நாரெடுத்து முடித்தாள். அதைக் கூடையில் போட்டாள். பிறகு செல்வியைப் பார்த்து, “அந்த மனுசன் நடுவுலேர்ந்துதான் போனாரு, நடுவுலேர்ந்துதான் வந்தாரு. பாம்பு அவரக் கடிக்கல” என்றாள். அடுத்த நொடி குரலை உயர்த்தினாள். “நார்மண்டி! சொல்லு!”

செல்வி திடுக்கிட்டாள். “மொதல்ல வெர்செ...”

ஒரு கை புளி ஓடு அவள் முகத்தில் வந்து விழுந்தது. எறிந்தது காளியம்மா.

“நார்மண்டிடி! அவன் கேக்குறது நார்மண்டி!”

“நேச நாட்டுக்காரங்க... கப்பல்ல வந்து... பிரான்சு கரையில எறங்கினாங்க.”

“போதும். வாய மூடு. அடுத்தது!”

அன்று முழுதும் அதுதான் நடந்தது. ருக்கு “முத்துத் துறைமுகம்” என்பாள். அலமேலு “எல் அலமெய்ன்” என்பாள். செல்வி “மொதல்ல” என்று வாயெடுத்தால் மூன்று பக்கமும் ஓடு பறக்கும். “ரோமல் யாரு?” “ஜெர்மன் தளபதி, பாலைவனத்துல.” “அவன அடிச்சது?” “மாண்ட்கோமரி.” “மிட்வே?” “பசிபிக்ல. ஜப்பான் கப்பல அமெரிக்கா மூழ்கடிச்சுது.” “நாகசாகி மொதலா ஹிரோஷிமா மொதலா?” “ஹிரோஷிமா.” “இது மட்டும் மொதல்லேர்ந்து சொல்லுவா” என்றாள் ருக்கு. எனக்கு வயிறு வலித்தது. நான் அப்படிச் சிரித்து நாளாகிவிட்டது.

மாலையில் செல்வி தலைமுடி முழுக்கப் புளி ஓட்டுத் தூள். அலமேலு தன் வீட்டுப் புளி பாதிகூட முடியவில்லை என்று புலம்பினாள். பரீட்சை முடிந்து வந்து மாற்றாள் செய்துகொடுக்கவேண்டும் என்று எல்லாரையும் திட்டினாள். ஆனால் நிறுத்தவில்லை. கடைசிக் கேள்வி கேட்டது அவள்தான்.

இப்படிப்பட்ட பள்ளிக்கூடத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் தோட்டத்துப் பள்ளியில் வாத்தியார் பிரம்பால் அடிப்பார். பிரம்பால் எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கெல்லாம் ஜீப் வந்துவிட்டது. செல்வியோடு மற்ற மூன்று பெண்களும் புளிக்கூடையோடு ஏறினார்கள். சந்தைக்குப் போவதாகச் சொன்னார்கள். அன்று ஒடுகத்தூரில் சந்தை கிடையாது என்று ஜோசப் என் காதில் சொன்னார்.

மூன்றாவது வளைவில் டயர் பஞ்சர். ஸ்டெப்னி மாட்டினோம். நான் ஜாக்கி பிடித்தேன். ஆறாவது வளைவில் பின்னால் இன்னொரு டயர். ஸ்டெப்னி இல்லை. ஜோசப் மாதா படத்தைப் பார்த்தார். பிறகு இறங்கி எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். மணி ஆறே முக்கால். பரீட்சை பத்து மணிக்கு.

“கீழேர்ந்து வேற வண்டி வர ரெண்டு மணி நேரம் ஆவும்ணா. சொல்ல இங்க சிக்னலும் இல்ல” என்றார்.

கோவிந்தன் சொன்னது ஒரே ஒரு வேலை. ஆனால் அந்தப் பெண்கள் அதற்குள் கூடையை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கிப் பாதை ஓரத்தில் நின்றார்கள். காளியம்மா சரிவைக் கையால் காட்டினாள். “குறுக்கால போனா அடிவாரம். எங்க ஆத்தா காலத்துல ஏது ஜீப்பு. வாங்க.”

அது பாதையில்லை. ஆடு இறங்குகிற தடம். நான் இரண்டு தடவை விழுந்தேன். அவர்கள் ஒருத்தரும் விழவில்லை. ருக்கு எனக்கு ஒரு குச்சி ஒடித்துக் கொடுத்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு செல்வி முன்னால் போனாள். பரீட்சைச் சீட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். பின்னால் இருந்து மூவரும் கேட்டுக்கொண்டே வந்தார்கள். மலை முழுக்க “டன்கிர்க்!” “அச்சு நாடு எது எது?” என்று சத்தம். மாடு மேய்க்க வந்த ஒருவர் ஒதுங்கி நின்று எங்களைப் பார்த்தார். யாருக்கோ பேய் பிடித்து ஓட்டிக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

அடிவாரத்தில் ஒரு பால் வண்டி கிடைத்தது. பின்னால் கேன்களுக்கு நடுவே நின்றுகொண்டு போனோம். ஒன்பதரைக்குப் பள்ளிக்கூட வாசலில் இறங்கினோம். செல்வி குழாயில் கால் கழுவினாள். செருப்பைப் போட்டாள். என்னைப் பார்த்து “வர்றேண்ணா” என்றாள். காளியம்மா அவள் தலையில் ஒட்டியிருந்த ஓட்டுத் தூளை ஒன்று எடுத்துப் போட்டாள். செல்வி உள்ளே போய்விட்டாள்.

நாங்கள் எதிரே ஒரு வேலியோரம் உட்கார்ந்தோம். மூன்று மணி நேரம். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். பன் வாங்கிக் கொடுத்தேன். ருக்குகூடப் பேசவில்லை. உள்ளே இருப்பவர்களில் முக்கால்வாசி சின்னப்பிள்ளைகள். வெளியே தாய் தகப்பன் காத்திருந்தார்கள். அலமேலுவைப் பார்த்து ஒரு அம்மா, “உங்க பொண்ணா எழுதுது?” என்று கேட்டாள். “எங்க மாற்றாளு” என்றாள் அலமேலு. அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. அலமேலு விளக்கவும் இல்லை.

செல்வி தேறிவிட்டாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முடிவு வந்த அன்று கோவிந்தன் நொண்டிக்கொண்டே என் வீடுவரை வந்து சொன்னான். ரேஷன் கடை வேலைக்கு மனுப் போட்டாயிற்று. அது எப்படிப் போகும் என்று தெரியாது. அவன் புதுக் கையெழுத்துப் போடாமல் இழுத்துக்கொண்டிருக்கிறான். ஆனால் அன்று அந்த வேலியோரத்தில் எங்கள் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

மணி அடித்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். வந்து முடிந்தார்கள். செல்வியைக் காணோம். அலமேலு எழுந்து நின்றாள். கடைசியாக, மெதுவாக அவள் வந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

“இன்னாடி?” என்றாள் அலமேலு.

“எழுதிட்டேன்.”

“எல்லாமா?”

“எல்லாம்.”

“வெர்செயில்ஸு?”

“அத கேக்கவே இல்லக்கா. அதனால எழுதல.”

“அப்ப மூஞ்சி ஏன் இப்டி கீது?” என்றாள் காளியம்மா.

செல்வி கொஞ்சம் தயங்கினாள். ஏதோ தப்புச் செய்துவிட்டவள் போலச் சொன்னாள்.

“நேரம் மிச்சமாயிடுச்சுக்கா. பத்து நிமிஷம்.”

“மிச்சத்துல இன்னா பண்ண?”

“சும்மா உக்காந்திருந்தேன்.”

மூவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள்.

“சும்மான்னா?” என்றாள் ருக்கு.

“சும்மாதான். ஜன்னல்ல ஒரு வேப்பமரம் தெரிஞ்சுது. அதப் பாத்துக்கினு இருந்தேன்.”

“பட்டப்பகல்லயா? வேல இல்லாமயா?”

“ஆமா.”

“கையி?” என்றாள் காளியம்மா. “கையி இன்னா பண்ணிச்சு?”

செல்வி தன் கைகளைத் தூக்கிப் பார்த்தாள். விரலில் மை.

“டெஸ்க்கு மேல வெச்சிருந்தேன்க்கா. அது பாட்டுக்குக் கெடந்துச்சு.”

காளியம்மா அந்தக் கைகளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அலமேலு வாங்கிப் பார்த்தாள். பிறகு ருக்கு.